சிங்காரவேலரின் மே தினம்: லினோகட்டில் எப்படிச் செய்வது?

கேள்வி: 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் நடத்திய மே தினத்தை லினோகட்டாக (லினோலியம் தகட்டைச் செதுக்கி, மை பூசி எடுக்கும் அச்சுப்படமாக)ச் செய்யப் போகிறேன். போட்டோ மாதிரி வரைந்தால் படம் செத்துக் கிடக்கிறது. மெக்சிகோ கலைஞர்கள் தங்கள் புரட்சியை எப்படிக் கையாண்டார்கள்?

பதில்: 1937-ல் லியோபோல்டோ மெண்டஸ் முதலானோர் தொடங்கிய மக்கள் வரைகலைப் பட்டறையைப் பாருங்கள். 1947-ல் புரட்சியைப் பற்றி 85 அச்சுப்படங்களை வெளியிட்டார்கள். முந்தைய தலைமுறை மெக்சிகோ அச்சுக்கலைஞர் போசாதாவின் மலிவுவிலைத் துண்டுத்தாள்கள்தான் அவர்களுக்கு வேர். போட்டோவின் சாம்பல் நிறங்களைத் துணிந்து தள்ளுங்கள். முகத்தில் ஒரு பக்கம் முழுக் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. நடுநிறம் வேண்டுமென்றால் இணைகோடுகள். கூட்டத்தில் இரண்டு மூன்று முகம் பெரிதாக இருந்தால் போதும், மற்றவை தலைகளாகவே இருக்கட்டும். அதில்தான் வேகமே இருக்கிறது.

பதில்: கொடியில் எழுத்து இருந்தால் இடவலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும். 'ணை', 'ழு' போன்றவற்றின் சுழிகள் சிறிதானால் மை அடைத்துக்கொள்ளும், எழுத்தைப் பெரிதாக்குங்கள். லினோவைச் சற்று வெயிலில் வைத்தால் இளகும். உளியை எப்போதும் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், மறு கை உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

பதில்: ரோலரில் மை தடித்தால் மெல்லிய கோடுகள் மூழ்கும். உருட்டும்போது 'சர்ர்' என்று மெல்லிய சத்தம் வந்தால் அளவு சரி, பிசுபிசுத்தால் அதிகம். மழைக்காலத்தில் எண்ணெய் மை காய நாளாகும், அச்சுகளை அடுக்காமல் கயிற்றில் தொங்கவிடுங்கள்.