பித்தளைப் பிடி வாள்: 1857 காலத்ததா? துருவுக்கு என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:
கடலூரில் ஒரு வாள் விலைக்கு வந்திருக்கிறது. பித்தளைக் கைக்காப்பு, அதில் கிரீடமும் விக்டோரியா மகாராணியின் வி.ஆர். முத்திரையும். தோல் உறை. அலகில் லண்டன் வாள் கம்பெனியான வில்கின்சன் பெயர், முதுகில் ஐந்து இலக்க எண். 1857 காலத்தது என்கிறார்கள். அலகில் செந்துரு. பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

புதுவை வாசி:
புளி வேண்டவே வேண்டாம். அந்தப் பித்தளைக்கு மேல் தங்க முலாம் இருந்திருக்கும். மடிப்புகளில் மிச்சமிருப்பதும் போய்விடும்.

காலத்தைப் பிடியை வைத்துச் சொல்லாதீர்கள், அலகைப் பாருங்கள். பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரிகளுக்கு இந்தப் பிடி 1822இல் வந்து 1895 வரை ஓடியது. அலகின் முதுகு குழாய் மாதிரி உருண்டிருந்தால் 1845க்கு முந்தைய வகை. இரு பக்கமும் அகலப் பள்ளமும் லேசான வளைவும் இருந்தால் 1845 வகை. நேரான, ஒடுங்கிய, குத்துவதற்கான அலகு என்றால் 1892 வகை. வில்கின்சன் வாள்களுக்கு வரிசை எண் போட ஆரம்பித்தது 1854இல். 1857இல் அது நான்கு இலக்கத்தில்தான் இருந்தது. ஐந்து இலக்கம் என்றால் கலகக் காலக் கதை அடிபட்டுப் போகிறது. பிடியின் முனைக் குமிழின் உச்சியையும் பாருங்கள்: பிடிக்குள் போகும் அலகின் வால் அங்கே அடித்துப் பரப்பியிருக்க வேண்டும். நட்டு போட்டு முறுக்கியிருந்தால் பெரும்பாலும் புதுச் சரக்கு.

முதுநகர்:
துருவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டால் போதாதா?

தேவனாம்பட்டினம்:
தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் தடவி ஓர் இரவு விடுங்கள். பிறகு நான்கு சைபர் (0000) நம்பர், மிக நைசான இரும்புப் பஞ்சால், அலகின் நீளவாக்கில் மட்டும், அழுத்தாமல் தேயுங்கள். கெட்டித் துருவைச் செம்புத் துண்டின் ஓரத்தால் சுரண்டலாம். செம்பு எஃகைக் கீறாது. உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். அமிலத்தால் அரித்த கொடி வேலைப்பாடு மிக மேலாக இருக்கும், நாலு இழுப்பில் மழுங்கிவிடும். வாளின் மதிப்பில் பாதி அதில்தான் இருக்கிறது. கறுத்த பழந்துரு நிலைத்துப் போனது, அதை அப்படியே விடுங்கள்.

பிடியில் சுற்றியிருப்பது பெரும்பாலும் மீன் தோல், நம்மூர்த் திருக்கைத் தோல் போலச் சொரசொரப்பாக இருக்கும். அதில் எண்ணெய் படக்கூடாது, கம்பிச் சுற்று தளர்ந்திருந்தால் இழுக்கவும் கூடாது. கடைசியில் அலகுக்கு மட்டும் மெழுகுப் பூச்சு. தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்: கடற்காற்றின் ஈரத்தைத் தோல் உறிஞ்சி வைத்து, ஐப்பசி மழையில் மறுபடி துருவேற்றிவிடும். வாள் தனி, உறை தனி.

புதுவை வாசி:
இன்னொன்று. நூறு வருடம் தாண்டிய வாள் 1972 சட்டப்படி தொல்பொருள்; வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். ஆயுதச் சட்டமும் உண்டு. வாங்குமுன் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டு, ரசீதில் அந்த வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள்.