படகு ஸ்டீரியோவில் ஐபாட், எம்பி3 பிளேயர் இணைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குளச்சல் உறுப்பினர்:
எங்கள் விசைப்படகின் வீல்ஹவுஸில் (படகை ஓட்டும் அறையில்) கார் ஸ்டீரியோதான் பொருத்தியிருக்கிறோம். வெளிக்கருவியின் பாட்டை வயர் வழியாக வாங்கும் அதன் ஆக்ஸ் துளையில் என் பழைய ஐபாடைச் சொருகினால், துறைமுகத்தில் நிற்கும்வரை ஒரு குறையும் தெரியாது. எஞ்சினை இயக்கியதும் பாட்டுக்கு அடியில் 'ஙொய்ய்' என்று ஓர் இரைச்சல் எழும். வேகத்தைக் கூட்டக் கூட்ட அதன் சுருதியும் ஏறும். கடைக்காரர் ஸ்பீக்கர்தான் பழுது என்று சொல்லிப் புதியதை விற்றார். அதில் இரைச்சல் இன்னும் தெளிவாகக் கேட்டது. ஓர் இரவு வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது யாருடைய காலோ இடறி ஐபாடின் சார்ஜர் வயர் கழன்றது. இரைச்சல் அந்த நொடியே நின்றுவிட்டது; பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி சொருகினால், மறுபடி இரைச்சல். காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராமேஸ்வரம் உறுப்பினர்:
எங்கள் ஸ்டீரியோவில் ஆக்ஸ் துளையே கிடையாது என்பதால், பாட்டை ஸ்டீரியோவின் ரேடியோவுக்கு எஃப்எம் அலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை வாங்கினேன். கரையில் பழுதின்றிப் பாடியது. படகு கிழக்கே போகப் போக இலங்கை வானொலி நிலையம் ஒன்று குறுக்கே நுழைந்தது. என் பாட்டின் பல்லவி முடிந்ததும் சரணத்துக்குப் பதிலாகச் செய்தி அறிக்கை வந்தது. டிரைவர் அண்ணன் செய்தியையே முழுதாகக் கேட்டுவிட்டு, "இதுவே நன்றாக இருக்கிறது, மாற்றாதே" என்றார். நான் அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. குளச்சல் நண்பரே, சார்ஜரைக் கழற்றி வைத்தால் உங்கள் சிக்கல் தீர்ந்தது.

தூத்துக்குடி உறுப்பினர்:
ராமேஸ்வரம் தம்பி, கழற்றி வைப்பதைத் தீர்வு என்று ஏற்க முடியாது. பல நாள் தங்குகடலில் ஐபாடின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? ஐபாடும் ஸ்டீரியோவும் ஒரே பேட்டரியில் மின்சாரம் எடுக்கும்போது, சார்ஜர் வழியாக ஒன்றும் ஆக்ஸ் வயர் வழியாக ஒன்றுமாக இரண்டு எர்த் பாதைகள் உருவாகின்றன. அவற்றுக்கு இடையிலான சிறு மின்னழுத்த வேறுபாட்டில், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் அலைவும் கலந்து ஒலியாக வெளியேறுவதால்தான், எஞ்சின் வேகத்தோடு சுருதியும் ஏறுகிறது. ஆக்ஸ் வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைச் சேருங்கள். அதனுள் இருக்கும் இரண்டு சிறிய டிரான்ஸ்பார்மர்கள் பாட்டைக் கடத்தும், எர்த் தொடர்பைத் துண்டிக்கும்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் படகுகளில், ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஸ்டீரியோவுக்கு வயர் இழுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே சார்ஜ் ஆகும், மற்றது அளவுக்கு மீறி ஏறும். இரண்டுமே சீக்கிரம் போய்விடும். 24-இலிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டரை வைத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். உப்புக்காற்றில் வெறும் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். ஈயம் பூசியதை வாங்குங்கள். பாட்டுச் சத்தத்தில், ஆபத்து அழைப்பு வரும் விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனல் காதில் விழாமல் போய்விடக் கூடாது. ஸ்பீக்கரின் காந்தம் காம்பஸைத் திருப்பிவிடும் என்பதும் என் அனுபவம்: காம்பஸுக்கு மேலே மாட்டியிருந்த ஸ்பீக்கரைக் கையில் எடுத்து நகர்த்தியபோது, படகு கட்டிக் கிடக்கையிலேயே காம்பஸ் திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆலப்புழை சென்று வந்தவர்:
கெட்டுவள்ளத்தில் (கேரளத்துப் படகு வீட்டில்) எனக்கு நேர்ந்தது வேறு. மேல்தளத்து ஸ்டீரியோவில் என் பிளேயரை இணைத்ததும் வயலினும் தபலாவும் கேட்டன, பாடகர் குரலை மட்டும் காணோம். படகுக்காரச் சேட்டன் அதைக் கரோக்கி என்றே நினைத்து என்னைப் பாடச் சொன்னார். பச்சை படிந்திருந்த பின்னைத் துடைத்து அழுத்திச் சொருகியதும் குரல் திரும்பியது. எர்த் தொடர்பு விட்டுப்போனால் இடது, வலது ஒலிகளின் வேறுபாடு மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும் என்றும், இரண்டிலும் சமமாகப் பதிவாகியிருக்கும் குரல் அதில் அடிபட்டுவிடும் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன்.

குளச்சல் உறுப்பினர்:
தூத்துக்குடி அண்ணா, ஐசொலேட்டரைச் சேர்த்தேன். சார்ஜர் செருகியபடியே ஓடுகிறது, இரைச்சல் இல்லை. அடிநாதம் மட்டும் சற்றுக் குறைந்தது போலிருக்கிறது. விலை குறைந்த டிரான்ஸ்பார்மர் என்பதால் இருக்கலாம்.