மறு: கட்டிய வண்டியை ஓட்டித் திருத்தும் கட்டத்துக்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரத்துத் தம்பி கேட்டது ஒரே ஒரு தலைப்பு. அதற்குள் இழை நீண்டு, டிரக்குக்குச் சரக்குந்தா சுமையுந்தா என்ற பக்கம் போய்விட்டது. அது தனி இழையில் நடக்கட்டும். அவர் கேள்வியை மறுபடி முன்னால் வைக்கிறேன்:

> பழைய ஜீப் சேசிஸில் நாங்களே கட்டிய டீசல் டிரக். நான்கு சக்கரமும் இழுக்கும். 2,523 சிசி டிஐ என்ஜின் ஏற்றியாச்சு, கியர் விழுது, பிரேக் பிடிக்குது. இனிமேல் ரோட்டில் ஓட்டி ஓட்டித்தான் சரிசெய்யணும். வண்டி கட்டிய விவரத்தைத் தமிழில் எழுதி வருகிறேன். இந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் அண்ணாச்சி?

வந்திருக்கும் சொற்களில் ‘சாலைச் சோதனை’யை ஒதுக்கிவிடலாம். கோவை ஐயா ‘ரோடு டெஸ்ட்’ என்பதைப் பொருள் குறையாமல்தான் பெயர்த்திருக்கிறார். ஆனால் நம் பக்கத்தில் சாலையில் சோதனை என்றதும் நினைவுக்கு வருபவர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் காவலர். நாளிதழ்களில் ‘வாகனச் சோதனை’ எந்தப் பொருளில் வருகிறது என்று பாருங்கள். இன்னொன்று, சோதனை என்றால் தேறுமா தேறாதா என்று சொல்வதோடு வேலை முடிந்தது. அதைச் செய்பவர் வண்டியைக் கட்டியவராக இருக்க வேண்டியதில்லை. தம்பியின் விஷயத்தில் ஸ்டீயரிங்கைப் பிடிப்பவரும் ஸ்பேனரைப் பிடிப்பவரும் ஒருவரே.

தூத்துக்குடி அம்மா சொன்ன ‘வெள்ளோட்டம்’ அருமையான சொல். புதிதாகச் செய்த தேரையோ பழுதுபார்த்த தேரையோ திருவிழாவுக்கு முன் வடம்பிடித்து இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புது ரயிலுக்கும் கப்பலுக்கும் பத்திரிகைகள் இதையே எழுதுகின்றன. ஆகவே வண்டி முதல்முதலாகப் பட்டறை வாசலைத் தாண்டி, வேகம் கூட்டாமல் பக்கத்துத் தெரு வரை போய்த் திரும்பும் அந்த ஓட்டத்துக்கு வெள்ளோட்டம்தான் பெயர். ஆயில் ஒழுகுகிறதா, டீசல் பைப்பில் ஏர் பிடிக்கிறதா, பெடல் மெத்தென்று இறங்குகிறதா என்று பார்ப்பதெல்லாம் அதில் அடங்கும். ஆனால் வெள்ளோட்டம் ஒருமுறை நடப்பது. தம்பி கேட்பது அதற்குப் பிறகு வரும் நெடிய வேலைக்கு.

‘நுண்சீராக்கம்’ (ஃபைன் ட்யூனிங்) கணினித் துறையில் நன்றாகவே நிலைத்து வருகிறது. இங்கே அதில் எனக்கு உறுத்துவது ‘நுண்’. வீட்டில் கட்டிய வண்டியில் வரும் திருத்தம் எல்லாம் நுண்ணியது அல்ல. அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் ஆப்புத்தகடு வைக்க நேரும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தாங்கியையே அறுத்து வேறிடத்தில் பற்றவைக்க நேரும். அதோடு, ஓட்டம் என்ற பொருளே அந்தச் சொல்லில் இல்லை. மேசையில் உட்கார்ந்தும் நுண்சீராக்கலாம்.

‘திருத்தோட்டம்’ பொருளில் மிக நெருங்கி வருகிறது. திருத்து + ஓட்டம், புணர்ச்சியும் சரி. ஆனால் எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தால் ‘திருத் தோட்டம்’ என்று காதில் விழுகிறது. நந்தவனத்தைப் பற்றிய கட்டுரை என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு சொல்லைப் பார்த்ததும் வேறு இடத்தில் பிரித்துப் படிக்க இடமிருந்தால் அது புழக்கத்தில் நிற்காது.

சொல்லை முடிவுசெய்யும் முன் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதுவரை எழுதிய பலரும் ‘ஓட்டிப் பார்ப்பது’ ஒன்று, ‘சரிசெய்வது’ இன்னொன்று என்று இரண்டு வேலையாக எடுத்துக்கொண்டுதான் சொல் தேடியிருக்கிறார்கள். பட்டறையில் அது ஒரே வேலை.

ஒரு வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்திலேயே கிளட்சை மிதித்து நியூட்ரலில் போட்டு உருளவிட வேண்டும். அதிர்வு நின்றுவிட்டால் என்ஜினையும் அதன் மவுண்டிங்கையும் பார்க்க வேண்டும். நிற்காமல், வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தால் சக்கரம், ஹப், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கம் போக வேண்டும். ஷாஃப்ட்டின் முனையில் மூட்டாக இருக்கும் யூஜே கிராஸ் கோணத்தில் வேலை செய்யும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். மறுமுனையில் உள்ள கிராஸும் அதே கோணத்தில் இருந்து, கிராஸைப் பிடித்திருக்கும் இரண்டு முனை நுகங்களும் ஒரே வரிசையில் பொருந்தியிருந்தால் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வேறு வண்டியின் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஏற்றும்போது இந்தக் கோணம்தான் முதலில் கெடும். நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டு மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. சுமை ஏறி ஸ்பிரிங் படிந்த பிறகுதான் உண்மைக் கோணம் தெரியும்.

முன் சக்கர ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பட்டறையில் ‘வாப்ளிங்’ என்பார்கள். குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கையை உதறும். டயர் காற்று, வீல் பேரிங், டை ராடு முனைகள், முன் சக்கரம் திரும்புவதற்கான ஆணியாகிய கிங்பின்னின் தளர்ச்சி எல்லாம் பார்த்துச் சரியாக இருந்தால் அடுத்தது கேஸ்டர், அதாவது கிங்பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. அது போதவில்லை என்று முன் அச்சுக்கு ஆப்புத்தகடு வைத்துச் சாய்வைக் கூட்டினால் அச்சு மொத்தமும் திரும்புகிறது. ஷாஃப்ட் வந்து சேரும் சிறு பல்சக்கரமான பினியனின் மூக்கு கீழே இறங்குகிறது. முன் ஷாஃப்ட்டின் கிராஸ் கோணம் மாறுகிறது. ஸ்டீயரிங் ஆட்டம் நின்று, நான்கு சக்கரமும் இழுக்கும்போது முன்னால் புது அதிர்வு தொடங்கலாம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே ரோட்டில், அதே சுமையோடு மறுபடி ஓட்ட வேண்டும். மாற்றியதை அன்றே எழுதிவைக்கவும் வேண்டும்.

எந்த ரோடு என்பதும் இதில் அடக்கம். நம் மாவட்டங்களைப் போல இதற்கு வாய்ப்பான நிலம் அரிது என்பது என் எண்ணம். இழுவையும் புகையும் பார்க்கச் செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலை. சுமையோடு அந்த எஸ் வளைவில் ஏறும்போது பின்னால் வருபவர் புகையைப் பார்த்துச் சொல்வார். கரும்புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல்: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் சரியாகப் பீய்ச்சாமல் இருக்கலாம், பம்பில் அளவு கூடியிருக்கலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் கிளப்பியதும் வரும் வெள்ளைப்புகை சற்று நேரத்தில் அடங்க வேண்டும். சூடான பிறகும் அடங்காமல் வந்துகொண்டிருந்தால் பம்பின் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, கம்ப்ரஷன் குறைவா என்று பார்க்க வேண்டும். பம்பில் டீசலைக் கூட்டினால் இழுவை வரும். கூடவே சூடும் வரும். மேலே போய் நிறுத்தியதும் டெம்பரேச்சர் முள்ளைப் படிக்காமல் அந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

நேரோட்டம் பார்க்க வள்ளியூர், பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரையிலான நாற்கரச் சாலை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறையும்போது ஸ்டீயரிங்கில் இருக்கும் சின்ன ஆட்டம்கூடக் கைக்குத் தெரிந்துவிடும். நான்கு சக்கர இழுவைக்குத் திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு. டயர் காற்றைக் குறைத்து, லோ கியரில் மெதுவாகப் போகும்போது காற்று வீச்சு இல்லாமல் ரேடியேட்டரும் ஃபேனும் மட்டும் எவ்வளவு தாங்குகின்றன என்பது அங்கேதான் தெரியும். தார் ரோட்டுக்குத் திரும்பும் முன் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். மாஞ்சோலை மலைச்சாலையை யாரோ குறிப்பிட்டிருந்தார்கள். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போகும் வழி. இந்த வேலைக்கு உரிய இடம் அல்ல.

இடையில் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி பதிவில்லாத வண்டி பொது இடத்தில் ஓடக் கூடாது. மாற்றங்களைக் கட்டுப்படுத்துவது 52ஆம் பிரிவு. என்ஜின் மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கிப் பதிவுச் சான்றில் (ஆர்.சி.) ஏற்றி, இன்சூரன்ஸும் கையில் இருந்தால்தான் மேலே சொன்ன ரோடுகள் எல்லாம்.

ஆக, ஓட்டுவது, உணர்வது, ஒன்றைத் திருத்துவது, மறுபடி ஓட்டுவது. இந்தச் சுழற்சி முழுவதற்கும் நான் முன்வைக்கும் சொல் ‘பதமோட்டம்’.

ஏன் பதம்? பதநீர் காய்ச்சும் இடத்தில் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். கரைந்தால் இன்னும் எரிப்பார்கள், உருண்டு நின்றால் இறக்கிக் கருப்பட்டிக்கு ஊற்றுவார்கள். பார்ப்பதும் அடுத்த செயலைத் தீர்மானிப்பதும் அங்கே ஒரே அசைவு. எந்த நிலை வர வேண்டும் என்ற அறிவும் ‘பதம்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சோதனையிலும் சீராக்கத்திலும் அது இல்லை. பட்டறையில் இன்றைக்கு “வண்டி இன்னும் செட்டாவல” என்கிறார்கள். “வண்டி இன்னும் பதத்துக்கு வரல” என்று சொல்லிப் பாருங்கள். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இதைத் தனிமடலில் சொன்னபோது மதுரை நண்பர் எழுப்பிய மறுப்புகள்:

> 1. பதம் + ஓட்டம் பதவோட்டம் என்றுதானே ஆக வேண்டும்? 2. கத்தி பதம் பார்த்தது என்றால் காயம் என்று பொருள். 3. பதம் என்றால் சொல் என்றும் பொருள் உண்டே?

முதலாவது நியாயமான கேள்வி. ‘மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்’ என்ற நன்னூல் விதிப்படி பதவோட்டம் வரும். எழுதிப் பார்த்தேன். ‘பதவி’ முந்திக்கொண்டு நிற்கிறது, பதம் மறைந்துவிடுகிறது. கலைச்சொல்லில் வேர் காதில் விழ வேண்டும். மரமேறி என்று சொல்லும்போது மகரம் கெடாமல் அடுத்த உயிரோடு சேர்ந்து ஒலிக்கிறது, மக்கள் வாயில் அதுதான் நிற்கிறது. அந்த வழக்கைப் பின்பற்றிப் பதமோட்டம் என்றே எழுதலாம் என்பது என் உறுதியான கருத்து. இலக்கணம் அறிந்தவர்கள் இதில் வேறுபட்டால் காரணத்தோடு எழுதுங்கள். இந்த ஒரு புள்ளியில் விவாதம் தேவை.

இரண்டாவதில் அந்தப் பொருள் ‘பார்’ என்ற வினையோடு ஒட்டிக்கொண்டது. ஓட்டத்தோடு சேரும்போது எழாது. மூன்றாவதற்கு, பதவுரையையும் பதநீரையும் குழப்பிக்கொள்கிறவர் தமிழில் இல்லை.

வினையாக ஆளும்போது ‘பதமோட்டிப் பார்த்தோம்’, ‘பதமோட்டத்தில் இருக்கிறது’ என்றெல்லாம் தடையின்றி வருகிறது. படகு என்ஜினுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்கூடப் பொருந்தும். புது என்ஜினை முதல் சில நூறு கிலோமீட்டர் அடக்கி ஓட்டுவது வேறு; அதற்குப் ‘பழக்கோட்டம்’ என்று வைத்துக்கொண்டால் மூன்று கட்டங்களும் பிரிந்து நிற்கும்: வெள்ளோட்டம், பழக்கோட்டம், பதமோட்டம். என்ஜினைப் பிரித்துச் சேர்த்திருந்தால்தான் நடுவில் உள்ளது தேவை.

யூ போல்ட், கிங்பின், நாசில் போன்றவற்றைத் தமிழாக்க வேண்டும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருளின் பெயரை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. செயலுக்கும் நிகழ்வுக்கும்தான் நம்மிடம் சொல் குறைவு. நெல்லையிலிருந்து இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1930களிலேயே கலைச்சொற்களைத் தொகுக்கும் வேலையில் இறங்கியது. அந்த ஊரில் இருந்துகொண்டு, பட்டறைச் செயல்களுக்கு இன்னும் ‘பண்றது’ சேர்த்தே பேசுகிறோம் என்பது என்னை வருத்துகிறது.

அப்படிச் சொல் தேவைப்படும் நிகழ்வு ஒன்றைத் தம்பியின் வண்டியே காட்டும். முன் அச்சில் 43 பல் கிரவுனுக்கு (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) 8 பல் பினியன், பின் அச்சில் 39க்கு 8 என்று தெரியாமல் சேர்த்துவிட்டால் விகிதம் 5.38, 4.88 என்று வேறுபடும். நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் முன் சக்கரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவாகச் சுழல முயலும். மணலில் டயர் வழுக்கி அது தீர்ந்துவிடும். தார் ரோட்டில் ஷாஃப்ட்டும் கியரும் இறுகி, லீவர் கையோடு வராது. விகிதம் ஒன்றாக இருந்தாலும் தார் ரோட்டு வளைவில் இது கொஞ்சம் நடக்கும், ஏனென்றால் முன் சக்கரங்கள் பின்னவற்றைவிட நீண்ட வழி போகின்றன. சற்றே பின்னால் எடுத்தால் இளகும். இதற்கு ‘முறுக்கேறல்’ என்பது என் பரிந்துரை. கயிற்றுக்கும் கம்பிக்கும் சொல்வதுதான். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்து அன்பர்கள், அங்கே டிராக்டர் பட்டறைகளில் இதை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் நல்லது. ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அதுவே இருக்கட்டும்.

தம்பி, மாற்றுக்கருத்து வரும் வரை தலைப்பைப் ‘பதமோட்டம்’ என்றே வைத்து எழுதுங்கள். முதல் சுமையோட்டம் முடிந்ததும் யூ போல்ட், வீல் நட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். ஸ்பிரிங் படியும்போது அதை அச்சோடு கட்டும் யூ போல்ட் தளரும். நான்கு ஹப்பையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங் இறுக்கமா, பிரேக் ஷூ விடாமல் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்புங்கள். பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்கும் நேரத்தை, அதாவது ஸ்பில் டைமிங்கை, எந்தக் குறியில் வைத்தீர்கள் என்பதையும் அடுத்த மடலில் எழுதுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து