முதன்முதலாகப் பிடுங்கிய பீட்ரூட்: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

பீட்ரூட் என்றாலே எனக்கு அலுப்பு. தலை வெட்டி, தோல் சுருங்கி, குளிர்பெட்டியின் அடியில் கிடக்கும் ஓர் உருண்டை. நறுக்கினால் கை சிவக்கும். அவ்வளவுதான் தெரியும்.

போன வாரம் நானே வளர்த்ததைப் பிடுங்கினேன். விதைத்து அறுபது நாள் இருக்கும். கிழங்கின் தோள்பட்டை மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது, சொரசொரவென்று, பார்க்க லட்சணமாகவே இல்லை. தண்டுகளைச் சேர்த்துப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தேன். சல்லிவேர்கள் அறுபடும் சத்தம் 'நறநற'வென்று விரலுக்கே கேட்டது. எலிவால் மாதிரி நீண்ட வேரோடு வெளியே வந்துவிட்டது.

குழாயடியில் காட்டி மண்ணைத் தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து அந்த நிறம் வந்ததே! ஈரத்தில் கருஞ்சிவப்பு, வெளிச்சத்தில் திருப்பினால் ஊதா. இலை வேறு சும்மா இல்லை. பச்சைக்குள் ரத்தநாளம் போலச் சிவந்த நரம்புகள், அதன்மேல் உருளும் தண்ணீர். கழுவி வைத்துவிட்டு வெட்ட மனசு வராமல் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சிரித்தார்கள்.

வெட்டினால் உள்ளே வளையம் வளையமாக. மர வளையம் போல வருஷக் கணக்கு இல்லை, எல்லாமே இரண்டு மாத வேலை. கேரட்டைப் பருக்கவைக்கும் வளர்திசு ஒரே ஒரு வட்டம்தான். பீட்ரூட்டிலோ ஒன்றைச் சுற்றி இன்னொன்றாகப் பல வட்டங்கள் ஒரே சமயத்தில் பருக்கின்றன. படித்துத் தெரிந்துகொண்டது, கண்ணால் பார்த்தபோதுதான் உறைத்தது.

*

உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு நிறத்தைவிட வாசனைதான் பிடிக்கும். பிடுங்கிய கையோடு முகர்ந்தால் மழை பெய்த மண். இரண்டிலும் ஒரே பொருள்தான், ஜியோஸ்மின். வீட்டில் சிலருக்கு அதுவே ஆகாது, 'மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கு' என்பார்கள். கொஞ்சம் புளிப்பு சேர்த்தால் அடங்கிவிடும். அடக்குவானேன் என்பது என் கட்சி.

நிறத்துக்கு வந்தால், இது ரோஜாவிலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கும் ஆந்தோசயனின் இல்லை. பீட்டாலெயின் என்ற வேறு சாயம். காகிதப்பூவின் சிவப்பும் இந்த வகைதான்.

*

நான் ஏமாந்த கதையையும் கேளுங்கள். இத்தாலியின் கியோஜா ஊர்ப் பெயரில் ஒரு ரகம் உண்டு. குறுக்கே வெட்டினால் வெள்ளையும் ரோஸும் மாறி மாறி, மிட்டாய் மாதிரி. அந்த அழகோடு தட்டில் வைக்கலாம் என்று வேகவைத்தேன். வளையமெல்லாம் மங்கி வெளிறிப்போனது. அதைப் பச்சையாக, மெல்லிசாகச் சீவித்தான் வைக்கவேண்டும்.

இன்னொன்று: இலையைக் கிழங்கோடு ஒட்ட நறுக்காதீர்கள், சாயம் ஒழுகும். இரண்டு விரற்கடை தண்டு விடுங்கள். இலையை அப்படியே விட்டாலும் ஆபத்து, கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

*

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் காலை கழிப்பறையில் சிவப்பைப் பார்த்துப் பதறியவர்கள் யாருமே இல்லையா இங்கே? நான் மட்டும்தானா?

*

இல்லை, முதலில் பதிவு போட்ட நானும்தான்! மருத்துவருக்குப் போன் செய்ய எடுத்த பிறகுதான் முந்தின நாள் சாப்பாடு ஞாபகம் வந்தது.

இன்று இரண்டாவது வரிசை பிடுங்கினேன். நாம் ஒரு விதை என்று ஊன்றுவது பல விதைகள் ஒட்டிய கொத்தாம். முளைத்ததும் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டுமாம். நான் பாவம் பார்த்து விட்டுவிட்டேன். ஒரே குழியிலிருந்து இரண்டு வந்தன, ஒன்றையொன்று நெருக்கி, ஆளுக்கு ஒரு கன்னம் தட்டையாக.