பழகாத நடிகருக்கு ஊரே அழுகிறது, பெயர் தெரியாதவருக்கு?

திரியைத் தொடங்கியவர்

2023 டிசம்பர் 28-ல் விஜயகாந்த் சென்னையில் மறைந்தபோது மதுரையில் தெருமுனைகளில் படம் வைத்து மாலை போட்டார்கள். அவர் மதுரைக்காரர், 2005-ல் கட்சியைத் தொடங்கியதும் இங்கேதான். சரி. ஆனால் எஸ்.பி.பி.க்கும் இதே ஊர் கலங்கியது. நான்குவழிச் சாலை விபத்தில் போனவரின் செய்தியை மட்டும் அரை நிமிடத்தில் தாண்டிவிடுகிறோம். ஏன்? சாவோடு தொடர்புள்ள வேலை பார்ப்பவர்கள் எழுதுங்கள்.

ஃப்ளெக்ஸ் அச்சு, சிம்மக்கல்

இரங்கல் பேனரின் அமைப்பைப் பார்த்தாலே பாதி பதில் கிடைக்கும். குடும்பத்தார் கொடுக்கும் கண்ணீர் அஞ்சலியில் பெயர், வயது, தோற்றம், மறைவு, வீட்டு முகவரி, ஊர்வலம் புறப்படும் நேரம், தத்தநேரி மயானமா மூலக்கரை மயானமா என்று எல்லாமே இருக்கும். நடிகருக்கு முகம் போதும். பெயர் இல்லாமலே அடிக்கலாம். இரண்டிலும் பொதுவாக இருப்பது கீழ்வரிசை, அதாவது இப்படிக்கு யார் யார் என்பது. நடிகர் பேனரில் அங்கே தெருப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் முகம் வரும். அதை நடிகரின் வீட்டார் பார்க்கப்போவதில்லை, இதே தெருதான் பார்க்கும். அழுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சேதி அது. பெயர் தெரியாதவருக்கு அந்த வரிசையில் நிற்க ஆள் கிடையாது.

அடுத்தது படம். ஆறடிக்கு நாலடி பேனரை 72 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளியில் அடித்தால்கூட 5184-க்கு 3456 பிக்சல் வேண்டும். நடிகருக்கு அந்த அளவில் தாராளமாகக் கிடைக்கும். சாதாரண ஆளுக்கு வருவது கல்யாணக் குரூப் போட்டோவில் வெட்டிய முகம், இல்லாவிட்டால் ஆதார் படம். அதையும் வாட்ஸப்பில் எச்.டி. இல்லாமல் சாதாரணப் போட்டோவாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 பிக்சல் வாக்கில் சுருங்கிவிடும். ஆறடியில் அது அங்குலத்துக்கு 22 புள்ளிதான், முகம் கட்டம் கட்டமாக உடையும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். பழைய பிரிண்ட் என்றால் செல்லில் எடுக்காமல் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். வழிப்போக்கர் ஒரு கணம் நிற்பது முகம் தெளிவாக இருந்தால்தான்.

அனுமதி வாங்காமல் பேனர் கட்டாதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது.

மனநல ஆலோசகர், கே.கே.நகர்

ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் இதை 1956-லேயே விளக்கினார்கள். திரையில் நம் முகம் பார்த்துப் பேசுகிறவரோடு நமக்கு ஒருவழி உறவு வளர்கிறது. டீக்கடையிலும் மினிபஸ்ஸிலும் இருபது வருஷம் கேட்ட குரல் மனதுக்குப் பழகிய குரல்தான். அந்த உறவில் சண்டை கிடையாது, சொத்துத் தகராறு கிடையாது, கடைசிக் காலத்தில் பார்க்காமல் விட்டோமே என்ற குற்ற உணர்வும் கிடையாது. அதனால் கண்ணீர் தடையில்லாமல் வருகிறது. அப்பா இறந்தபோது காரியம் பார்க்கிற அலைச்சலில் அழாத மகன், அப்பா கூட்டிப்போய்க் காட்டிய நடிகர் இறக்கும்போது உடைந்து அழுவது சகஜம். அந்த அழுகையில் அப்பாவும் இருக்கிறார்.

விபத்துச் செய்தியில் வருவது எண்ணிக்கை. பெயரும் முகமும் உள்ள ஒரு சிறுமியின் ஆபரேஷனுக்குப் பணம் குவியும், பெயரில்லாத பல உயிர்களைக் காக்கும் செலவுக்கு வராது என்று தாமஸ் ஷெல்லிங் 1968-ல் எழுதினார். இதைக் கல்நெஞ்சம் என்று திட்டுவதில் பயனில்லை.

வீட்டில் ஒருவர் அழுதால் 'போயும் போயும் நடிகனுக்கா' என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் துக்கமாகவே ஒப்புக்கொள்ளாத துக்கம் உள்ளேயே தங்கிவிடும். கென்னத் டோகா 1989-ல் இதற்கென்றே ஒரு நூல் தொகுத்தார். எந்தப் படம், யாரோடு பார்த்தது என்று கேளுங்கள். உண்மையான இழப்பு அந்தப் பேச்சில் வெளிவரும். டிவியை நாள் முழுக்க ஓட விடாதீர்கள், ஒரே ஊர்வலக் காட்சி திரும்பத் திரும்ப வந்தால் தூக்கம் கெடும். இரண்டு வாரம் கழித்தும் சாப்பாடு, தூக்கம், வேலை சரியாகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். 'நானும் போறேன்' என்று ஒரு சொல் வந்தால் நாள் கணக்கே வேண்டாம். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. கூடவே இருந்து 14416 அல்லது 104 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது உயிரை மாய்த்துக்கொண்ட ரசிகர்கள் உண்டு. அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

மேலூர் பக்கம்

ஆலோசகர் அம்மா சொன்னது ஒப்பாரி பாடும் பெண்களுக்குத் தெரிந்த விஷயம்தான். கேதம் கேட்க வந்தவர்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து பாடும்போது, நாலடி போவதற்குள் அவரவர் வீட்டுச் சாவு பாட்டுக்குள் வந்துவிடும். 'என்னெப் பெத்த அய்யா' என்று அழுகிறவள் செத்தவரின் மகளாக இருக்க வேண்டியதில்லை. அழ ஒரு கேத வீடு வேண்டும். நடிகர் செத்தால் முச்சந்தியே கேத வீடாகிவிடுகிறது, யாரையும் அழைக்கவும் வேண்டாம். நாற்காலியில் படம், முன்னால் விளக்கும் செம்புத் தண்ணியும், பக்கத்தில் ரேடியோ செட். இதில் பெரும்பாலும் கெடுவது ரேடியோ செட்தான். காலையில் மெல்லிய பாட்டில் தொடங்கி, சாயங்காலம் குத்துப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். வயசான பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். பாட்டு வரிசையை முன்னாலேயே எழுதி ஒருவர் கையில் கொடுங்கள்.

நம் வீட்டுக் கேதத்துக்கு வந்தவர் வீட்டுக்கு நாம் போக வேண்டும் என்பது முறை. பாட்டும் படமும் எல்லா வீட்டுக்கும் வந்து போனவை. அந்த முறையைத்தான் சனங்கள் திருப்பிச் செய்கிறார்கள். சினிமா வந்து கெடுத்த பழக்கம் இது என்பதையும் ஏற்க முடியாது. கோப்பெருஞ்சோழனை முன்பின் பார்க்காமலே நட்பாகி, அவன் வடக்கிருந்த இடத்திலேயே உயிர்விட்ட பிசிராந்தையார் பாண்டிய நாட்டுக்காரர்.

மரம் நடும் குழு, திருப்பரங்குன்றம்

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், மரம் நடுவதை இயக்கமாகவே நடத்தியவர் நடிகர் விவேக். அவர் 2021 ஏப்ரல் 17-ல் மறைந்ததும் பலர் மரக்கன்று நட்டார்கள். துக்கத்துக்குக் கையால் செய்ய ஒரு வேலை கிடைத்தது. ஆனால் இங்கே ஏப்ரலில் நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றாவிட்டால் மே மாதம் கருகிவிடும். நினைவுநாளில் கன்றைப் பையில் வாங்கி வளர்த்து, ஐப்பசி மழைக்கு நடுங்கள். இரண்டடிக் குழி, மேல்மண்ணோடு தொழுவுரம், வேம்பு அல்லது புங்கை. ஆட்டுக்கு மறைப்பாகக் கூண்டு கட்டாயம்.

தன்னார்வலர், கோரிப்பாளையம்

கேள்வியின் மறுபாதிக்கு யாரும் வரவில்லை. அடையாளம் தெரியாதவர் அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு வந்ததும் போலீஸ் வழக்குப் பதிந்து அறிவிப்பு கொடுக்கும். ஆண், சுமார் 55 வயது, மாநிறம், நீலக் கட்டம் போட்ட சட்டை, வலது தோளில் மச்சம். அச்சக அண்ணன் சொன்ன பேனருக்குப் பெயரே தேவையில்லை, இங்கே பெயரைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். படம் போட்டாலும் வீங்கிய முகம், தெரிந்தவருக்கே பிடிபடாது. துப்பு கொடுப்பவை சட்டைக் காலரில் உள்ள டெய்லர் லேபிள், பையில் கிடக்கும் மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், கையில் பச்சை குத்திய பெயர். லேபிளில் கடையும் ஊரும் இருந்தால் அந்த ஊர்க் காவல் நிலையம் வழியாக விசாரிப்பார்கள். பெயர் தெரிந்துவிட்டால் வேன் பிடித்துச் சனம் வந்து இறங்கும். அதுவரை அவருக்கு அழ ஆளே இல்லாதது போல இருந்திருக்கும்.

யாரும் வராவிட்டால் போலீஸ் கடிதத்தோடு உடலை வாங்கிப் புதைக்கிறோம். எரிக்கக் கூடாது, பின்னால் உறவினர் வந்தால் தோண்டிப் பார்க்க வழி இருக்க வேண்டும். கோடித்துணி, ஒரு மாலை, பால், சூடம், ஆளுக்கு மூன்று கைப்பிடி மண்.

அறிவிப்பை வாட்ஸப்பில் பகிரும்போது காவல் நிலையம், குற்ற எண், தேதி மூன்றையும் வெட்டாதீர்கள். தேதியில்லாத பழைய அறிவிப்புகள் வருஷக்கணக்கில் சுற்றி, புதிதாக வருவதை யாரும் நம்பாமல் செய்துவிடுகின்றன. சிதைந்த முகத்தைவிட சட்டை, செருப்பு, பச்சை குத்திய இடம் இவற்றின் படத்தைப் போலீஸில் கேட்டு வாங்கிப் போடுங்கள். அடையாளம் தெரிந்துவிட்டால் அதே குழுவில் எழுதி, மேற்கொண்டு பகிர்வதை நிறுத்தச் சொல்லுங்கள்.