மறு: விலை ஊகிக்கும் போட்டிகளில் ‘அந்த விலை’க்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விலை ஊகிக்கும் போட்டியில் நடத்துபவர்கள் முன்கூட்டியே வைத்திருந்து, போட்டியாளர் சொன்ன பிறகு திறந்து காட்டும் விலைக்குத் தமிழில் என்ன சொல் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: சரியான விலை, உண்மை விலை, சந்தை விலை, மறைவிலை. எழுதிய எல்லோருக்கும் நன்றி. நான்கிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. என் பரிந்துரை ‘விடைவிலை’. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 1956இல் தொடங்கி, 1972 முதல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் இன்றைய வடிவத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விலை ஊகிக்கும் நிகழ்ச்சி ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ தெரியாதவர்கள் குறைவு. மொரீஷியஸில் பிரெஞ்சு சேனல்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதன் பிரெஞ்சு வடிவமான ‘லெ ஜுஸ்த் ப்ரி’தான் பழக்கம். அமெரிக்க நிகழ்ச்சியில் மளிகைச் சாமான்களை வைத்தே ஓர் ஆட்டம் உண்டு. மேசையில் ஐந்து சாமான்கள் இருக்கும். சோப்புத்தூள், சூப் டின் மாதிரி எதுவாகவும் இருக்கலாம். போட்டியாளர் ஒன்றைக் காட்டி ‘இதில் மூன்று’ என்பார். அதன் விலையைத் திறந்து காட்டி மூன்றால் பெருக்குவார்கள். கூட்டிக்கொண்டே போகும் தொகை 20 டாலருக்கும் 22 டாலருக்கும் இடையில் வந்து நின்றால் வெற்றி, 22ஐத் தாண்டினால் போச்சு. அந்தத் திறந்து காட்டும் விலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

நிகழ்ச்சி நடத்துபவர் அதை ‘ஆக்சுவல் ரீட்டெயில் பிரைஸ்’ (உண்மையான சில்லறை விலை) என்பார். ‘உண்மை விலை’ அதிலிருந்துதான் வந்திருக்கும். ஆனால் எந்தக் கடையின் உண்மை? லாஸ் ஏஞ்சலஸில் ஒரே சூப் டின் ஒரு தெருவில் ஒரு விலைக்கும் அடுத்த தெருவில் வேறு விலைக்கும் கிடைக்கும். உறுப்பினர் அட்டை வைத்திருப்பவருக்கு இன்னும் கொஞ்சம் குறையும். உற்பத்தி செய்யும் நிறுவனம் ஒரு விலையைப் பரிந்துரைக்கலாம், ஆனால் கடைக்காரர் அதே விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. போதாததற்கு, அங்கே விலைச்சீட்டில் விற்பனை வரி சேராது. எங்கள் ஊரில் மதிப்புக் கூட்டு வரி (வாட்) 15 சதவீதத்தையும் சேர்த்தே சீட்டு ஒட்டுவார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆட்டத்துக்கு ஒரே ஓர் எண்தான் தேவை. தயாரிப்பாளர்கள் ஓர் எண்ணைத் தேர்ந்து, படப்பிடிப்புக்கு முன்பே அந்தச் சாமானோடு சேர்த்து வைத்துவிடுகிறார்கள்.

சென்னை நண்பர் ஒருவர் ‘பாக்கெட்டிலேயே போட்டிருக்குமே, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?’ என்று எழுதியிருந்தார். இந்தியாவில் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிடுவது சட்டம் என்பதால் அங்கே அப்படித் தோன்றுவது இயல்பு. மொரீஷியஸிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான டின்களில் விலை அச்சாகி வருவதில்லை. அதனால்தான் இந்த ஆட்டமே நடக்கிறது.

‘சந்தை விலை’ என்றால் நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. ஆட்டத்தின் விலையோ ஒருமுறை முடிவானால் அந்த ஒளிப்பதிவில் அசையாது, அசையவும் கூடாது. 1950களின் இறுதியில் அமெரிக்க வினாடிவினா நிகழ்ச்சிகளில் சில போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே விடை சொல்லிக்கொடுத்தது அம்பலமானது. 1960இல் தகவல்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய மோசடியைக் குற்றமாக்கினார்கள். போட்டியாளர் வாய் திறந்த பிறகு விலையை மாற்ற யாருக்கும் இடமில்லை. வினாத்தாளோடு சேர்த்தே ஆசிரியர் தயாரித்து வைக்கும் விடைக்குறிப்பு போலத்தான் அதுவும்.

2008இல் நடந்த ஒன்று இதை இன்னும் தெளிவாகக் காட்டும். லாஸ் வேகஸிலிருந்து வந்த ஒரு போட்டியாளர், இறுதிச் சுற்றுப் பரிசுத் தொகுப்புக்கு 23,743 டாலர் என்றார். தயாரிப்பாளர்கள் வைத்திருந்ததும் அதே 23,743. மோசடியோ என்று தயாரிப்புக் குழு பதறிப்போய் ஒளிப்பதிவையே நிறுத்தியது. அவரும் மனைவியும் பல மாதம் நிகழ்ச்சியைப் பார்த்து, அதே பொருள்கள் அதே விலையோடு திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து மனப்பாடம் செய்திருந்தார்கள் என்று பிறகு அவரே சொன்னார். அவர்கள் படித்தது கடை விலையை அல்ல, நிகழ்ச்சியின் விலையை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்த வித்தியாசமே மறைந்துவிடும்.

‘சரியான விலை’ நிகழ்ச்சியின் பெயராக இருக்கட்டும். வாக்கியத்தில் ‘சரியான விலையைச் சரியாகச் சொன்னார்’ என்று தடுமாறுகிறது. பிரெஞ்சுப் பெயரில் உள்ள ‘ஜுஸ்த்’துக்கு நியாயமான என்றும் பொருள் உண்டு, ஆனால் அதைப் பார்த்து ‘நியாய விலை’ என்று போடவும் முடியாது, தமிழ்நாட்டில் ரேஷன் கடை கண்முன் வந்து நிற்கும். ‘மறைவிலை’ நல்ல முயற்சி, ஆனால் திறந்து காட்டிய பிறகு மறைவு எங்கே?

எனக்கு இந்தச் சொல் தேவைப்பட்டது பொங்கல் விழாவில். மொரீஷியஸின் ரோஸ் ஹில் நகரில் எங்கள் பிள்ளைகளுக்கு இதே ஆட்டத்தைத் தமிழில் வைத்தோம்: பில்ச்சர்ட் மீன் டின், வனிலா தேயிலை, பால் பவுடர், ரேஷன் அரிசி. விலையைத் துண்டுத்தாளில் எழுதி அடியில் ஒட்டியிருந்தோம். மீன் டின்னைத் திருப்பியதும் பிளாக் என்ற ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த பெண் எழுந்து, “டீச்சர், எங்க லபூத்திக்ல இது குறைவு!” என்றாள். லபூத்திக் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கடை. அவள் சொன்னது உண்மை. ரேஷன் அரிசிக்கு மட்டும் யாரும் சண்டைக்கு வரவில்லை, அது அரசு நிர்ணயிக்கும் விலை. ‘இது இந்த ஆட்டத்துக்கு நாங்கள் எழுதிவைத்த விலை’ என்று ஒவ்வொரு டின்னுக்கும் நீட்டி முழக்க வேண்டியிருந்தது. விடைவிலை என்று அன்றைக்கே ஒரு சொல் கையில் இருந்திருந்தால் ஆட்டம் நின்றிருக்காது.

அன்புடன்,
ரோஸ் ஹில்

> விடைவிலை காதுக்கு நன்றாக இருக்கிறது அக்கா. ஒரு சந்தேகம். அதே நிகழ்ச்சியில் மளிகைப் பொருளின் விலையை முதலிலேயே காட்டிவிட்டு, அது இன்றைய விலையா பழைய ஒரு மாதத்தின் விலையா என்று கேட்கும் ஆட்டம் இருக்கிறதே. அங்கே விலை விடை ஆகாதே?
> — டர்பன்

நல்ல கேள்வி தம்பி. அங்கே விடை காலம்தான், அதனால் இந்தச் சொல்லை அங்கே கொண்டுபோக வேண்டாம். ‘இன்றைய விலை’, ‘அன்றைய விலை’ என்றால் எல்லோருக்கும் புரியும். அகராதிப் பதிவை இப்படி வைக்கலாமா?

விடைவிலை: விலை ஊகிக்கும் போட்டியில், போட்டியாளரின் கேட்பை ஒப்பிட்டுப் பார்க்க நடத்துபவர் முன்கூட்டியே நிர்ணயித்த விலை. எடுத்துக்காட்டு: விடைவிலையைத் தாண்டாமல் அதற்கு மிக அருகில் கேட்டவரே வென்றவர்.

ஏலம் கேட்பது நம் பழைய வழக்கு என்பதால் போட்டியாளர் சொல்லும் தொகைக்குக் ‘கேட்பு’ என்று போட்டிருக்கிறேன். கூடுதலாகச் சொல்லித் தோற்பதற்குத் தனிச்சொல் எதுவும் தேவையில்லை, ‘தாண்டிவிட்டார்’ போதும். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.