புதுப்பிப்பு: பண்ணை வீட்டுச் சமையலறை மேசை
இந்தப் பழைய மேசையின் மேல்பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தேன். தேய்க்கவில்லை, நல்லவேளை!

கவிழ்த்துப் பார்த்தோம். பலகையின் அடியில் இழைப்புளி ஓடிய பள்ளங்கள் விரலுக்குத் தட்டுகின்றன. இழுப்பறை மூலையில் பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் பற்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறியிருக்கின்றன. எந்திரம் வெட்டியிருந்தால் ஒரே அச்சாக இருந்திருக்கும். பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, மரம் காய்ந்து அகலவாக்கில் சுருங்கியதால் வந்தது. அதை அடைக்கப் போவதில்லை.

ஒரு காலில் பூச்சித் துளைகள் உண்டு. பூச்சி இன்னும் உள்ளே இருந்தால் மரத்தூள் விழும் என்று கீழே கறுப்புத் தாள் விரித்திருக்கிறேன், இதுவரை புதுத் தூள் விழவில்லை. கோடை முடியும்வரை தாளை எடுக்க மாட்டேன்.

அப்புறம், ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து உள்வாங்கியிருக்கிறது. எத்தனை பேர் கை ஊன்றி வேலை பார்த்த இடமோ! அங்கே தேன்மெழுகு மட்டும்தான் பூசினேன்.